லிட்டில்டனின் ஆரம்பத் தட்டுகள்: விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2023

"அண்ணா, இங்கிலாந்து ஜாஸ் ட்ரம்பெட்காரர் ஹம்ஃப்ரி லிட்டில்டன் பார்லஃபோன் கம்பெனிக்குப் பதிவு செஞ்ச தொகுப்பு நாலு சிடியையும் ஒரே வாரத்துல கேட்டு முடிச்சேன். 1949-லேர்ந்து 52 வரைக்கும் உள்ளதுல பாதி பள்ளிக்கூட பாண்டு மாதிரி இருக்கு. 1956-ல வந்த 'பேட் பென்னி ப்ளூஸ்'தான் ஆரம்பம், அதுக்கு முன்னாடி உள்ளதை விட்டுடலாம்னு தோணுது. பெரியவங்க ஏன் இதைத் தூக்கி வச்சிக் கொண்டாடறாங்க?"

14 ஜனவரி, இரவு 11.20

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு தட்டின் இரண்டு பக்கங்களில் ஒன்று நம்மை உட்கார வைக்கும், திருப்பிப் போட்டால் மற்றது எழுந்து போகச் சொல்லும். அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் "பள்ளிக்கூட பாண்டு" என்றால் சண்டைக்கு வருவேன். மற்ற எல்லாரையும் மறந்துவிட்டு ட்ரம்பெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 1949-இல் அந்த மனிதருக்கு வயது 28. தொனி அப்போதே முழுசாக இருக்கிறது. மூச்சில் பதற்றம் கிடையாது. எந்த இடத்தில் வாய் மூடி இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. கோணல் எல்லாம் பின்வரிசையில்: பியானோ, பேஞ்சோ, டிரம்ஸ். பக்கவாத்தியம் அவரைத் தாங்கவில்லை, அவர்தான் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார். ஜானி பார்க்கரின் பியானோ கூட அங்கே கனமாகத்தான் விழுகிறது.

15 ஜனவரி, காலை 6.50

நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் பிழையாக எழுதிவிட்டேன். ஆரம்பத் தட்டுகளில் பியானோ பார்க்கர் அல்ல, ஜார்ஜ் வெப். 1951-இல் வெப் விலகிய பிறகுதான் பார்க்கர் வருகிறார். இது சின்ன விஷயம் இல்லை. நான் குறை சொன்ன அந்தக் கனமான கை யாருடையது என்பதே மாறிப்போகிறது.

15 ஜனவரி, இரவு 10.05

வெப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. இங்கிலாந்தில் நியூ ஆர்லியன்ஸ் பாணிக்கு, அதாவது ஜாஸின் ஆதி வடிவத்துக்கு, மறுபடி உயிர் கொடுத்தவர்களில் அவர் பெயர்தான் முதலில் வரும். கென்ட் பக்கம் கிரேஃபர்டில் விக்கர்ஸ் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. பியானோவைத் தானாகக் கற்றுக்கொண்டவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் பார்னஹர்ஸ்ட்டில் 'ரெட் பார்ன்' என்ற மதுக்கடையில் தன் டிக்ஸிலாண்டர்ஸ் குழுவை வைத்து வாசித்தார். கேட்க வந்தவர்களுக்கும் சரி, வாசித்தவர்களுக்கும் சரி, இந்த இசைக்கு ஒரே வாத்தியார் கிராமபோன் தட்டு.

1935-இலிருந்து 1956 வரை அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிக்க முடியாது. இசைக்கலைஞர் சங்கமும் தொழிலாளர் அமைச்சகமும் சேர்ந்து போட்ட தடை. 21 வருடம்! ஒரு தலைமுறை முழுக்க அமெரிக்க ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் விரல் எப்படி அசைகிறது, டிரம்ஸ்காரர் பேபி டாட்ஸ் குச்சியை எப்படிப் பிடிக்கிறார் என்று கண்ணால் பார்க்காமலே கற்றுக்கொண்டது. அதுவும் எதைக் கேட்டு? 1920களின் பதிவுகளை. அந்தக் காலப் பதிவுக் கருவிக்கு டிரம்ஸ் சரியாகப் பிடிபடாது. பாஸ் டிரம்மை அறைக்குள்ளேயே விடாத பதிவுகள் உண்டு. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும்தான் தெளிவாக விழும். அப்படி ஒரு தட்டிலிருந்து பாடம் படித்தவனுக்கு முன்வரிசை நன்றாக வரும், பின்வரிசையை அவன் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும்.

என் கணக்கு இது. லிட்டில்டனின் ஆரம்பத் தட்டுகளில் எது நன்றாக இருக்கிறதோ அது தட்டில் தெளிவாகக் கேட்டது. எது தடுமாறுகிறதோ அது தட்டில் கேட்காதது.

17 ஜனவரி, மாலை

"அப்படியானால் நேரே அமெரிக்கத் தட்டுகளையே கேட்டுவிட்டுப் போகலாமே" என்று ஒருவர். போகலாம், நானும் போனேன். ஆர்ம்ஸ்ட்ராங் 1920களில் ஓகே கம்பெனிக்குச் செய்த பதிவுகள் இங்கிலாந்தில் வெளியானது பார்லஃபோன் முத்திரையில்தான். லிட்டில்டன் பையனாக இருந்தபோது தேய்த்துத் தேய்த்துக் கேட்டது அவற்றைத்தான். 1949 கடைசியில் அதே பார்லஃபோன் அவரையே பதிவுக்குக் கூப்பிட்டது. குருவின் பெயர் இருந்த அதே தாள்வட்டத்தில் தன் பெயர். அந்த வயதில் எனக்கு அப்படி ஒன்று நடந்திருந்தால் என் கை நடுங்கியிருக்கும். அவர் ட்ரம்பெட்டில் நடுக்கம் கேட்கவில்லை.

22 ஜனவரி, ஞாயிறு

இன்று நாள் முழுக்க என் பெட்டியோடு இருந்தேன். என்ன பெட்டி என்று சொல்லவில்லை, இல்லையா?

2009-இல் எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு கார் பூட் சந்தையில் வாங்கியது. கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தை. ஒரு வயதான அம்மா, கணவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். தகரப்பிடி வைத்த இரண்டு பெட்டிகள், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள், மொத்தம் 15 பவுண்டு. "ஜாஸ் பிடிக்குமா?" என்று கேட்டார். சும்மா தலையாட்டினேன். எனக்கு அப்போது ஜாஸ் என்றால் ஒன்றும் தெரியாது. நாகஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது. தூக்கும்போதுதான் கனம் தெரிந்தது. அரக்கில் செய்த தட்டு கல் மாதிரி கனக்கும். அந்த அரக்கில் பெரும்பகுதி நம் ஊர்க் காடுகளில் பூச்சி கட்டியது, வங்காளம், பீகார் பக்கம் சேகரித்துக் கல்கத்தா வழியாகக் கப்பலேறியது என்பதைப் பின்னால் படித்தேன். அன்றிலிருந்து அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் வேறு விதமாகத்தான் தொடுகிறேன்.

அதில் லிட்டில்டன் பதினொன்று. ஒன்றில் விரிசல்.

முதலில் என்னைப் பிடித்தது ட்ரம்பெட் அல்ல, இரண்டு கிளாரினெட். வாலி ஃபாக்ஸ் ஒன்று, இயன் கிறிஸ்டி ஒன்று. இந்தப் பாணியில் கிளாரினெட் ஒன்றுதான் வழக்கம். லிட்டில்டன் இரண்டை வைத்தார். இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு இந்த இன்பம் புரியும்: இரண்டு பேரும் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது நடுவில் ஒரு மெல்லிய அதிர்வு எழும். சுருதி நூல் பிசகினால் அதுவே பல்லைக் கூசவைக்கும். இந்தத் தட்டுகளில் இரண்டும் உண்டு, சில சமயம் ஒரே பாட்டில்.

24 ஜனவரி

"விரிசல் விட்ட தட்டை எப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: வாசிப்பதில்லை. ஊசி போய்விடும். உறையோடு அலமாரியில் நிற்கிறது.

3 பிப்ரவரி, நள்ளிரவு தாண்டி

எழுதியதைத் திரும்பப் பெற வேண்டிய நிலை வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை வருடமும் அந்தத் தட்டுகளை நான் தவறாக வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தவறு.

முதல் தவறு, ஊசி. பிற்காலத்தில் வந்த நீள்நேர எல்பி தட்டின் பள்ளம் குறுகலானது, 78-இன் பள்ளம் அகலம். 78-க்கு ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு அளவு முனை வேண்டும். எல்பி ஊசியின் முனை ஒரு பங்கு கூட இருக்காது. அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, எழுபது வருட அழுக்கின் மேல் உரசிக்கொண்டு போகும். இசை இருப்பது பக்கச் சுவரில். எனக்கு டர்ன்டேபிள் விற்ற கடைக்காரர் "எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும்" என்றார், நம்பினேன்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. தட்டு வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்து வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். வாசிக்கும்போது ப்ரீஆம்ப், அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பெட்டி, அந்தக் கனத்தைத் திருப்பிக் கொடுக்கும். எல்பி காலத்தில், 1950களின் நடுவில், ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவு வந்தது. அதன்படி கீச்சொலியைக் கூட்டி வெட்டுவார்கள், வாசிக்கும்போது குறைப்பார்கள். அப்படிக் குறைத்தால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். நல்ல ஏற்பாடு. ஆனால் 1949, 50-இல் பார்லஃபோனின் தாய்க் கம்பெனியான இஎம்ஐ வெட்டிய 78-களில் கீச்சொலியைக் கூட்டவே இல்லை! கூட்டாத ஒன்றை என் ப்ரீஆம்ப் விசுவாசமாகக் குறைத்துக்கொண்டிருந்தது. 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல். கனத்த ஒலியையும் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தது.

அதாவது பேஞ்சோவின் நகம் கம்பியில் படும் "டிங்" எனக்குக் கேட்கவே இல்லை, தோல் அதிரும் "தொம்" மட்டும் கேட்டது. சிம்பல் கிடையாது. பியானோவில் வலது கை மங்கி, இடது கை வீங்கிப்போயிருந்தது. நான் "கனம்" என்று சொன்னதில் எத்தனை பங்கு வெப்புடையது, எத்தனை பங்கு என் அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியுடையது?

சரியான ஊசி வாங்கி, பழைய அளவுகளுக்கு மாற்றக்கூடிய ப்ரீஆம்ப் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, இன்று இரவு ஆறு பக்கங்கள் கேட்டேன். பெர்னார்ட் சவார்ட் என்ற டிரம்ஸ்காரர் அந்த அறைக்குள் இருந்தார் என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது. 14 வருடம் அவர் வாசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

4 பிப்ரவரி, காலை

ஆறுதலாக மறுபடி கேட்டேன். இரவின் உற்சாகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது.

மாறியது: நிறம், தெளிவு, யார் எங்கே நிற்கிறார்கள் என்ற உணர்வு.

மாறாதது: காலப்பிரமாணம். வேகமான ராக்டைம் வகை உருப்படிகளில் ஆரம்பித்த வேகத்தில் முடிக்கவில்லை. கையால் தட்டிக்கொண்டே கேட்டால் கடைசிச் சுற்றில் என் கை முந்திக்கொண்டு ஓடுகிறது. டர்ன்டேபிளே வேகமாகச் சுற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு சுற்று வேகம் காட்டும் ஸ்ட்ரோப் வட்டு வைத்தும் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு 77.92 சுற்று வர வேண்டும், வந்தது. தட்டு வேகமாகச் சுற்றினால் முழுப் பாட்டும் சுருதி ஏறி வேகமாக இருக்கும். போகப் போக வேகம் கூடுவது மனிதர்கள் செய்வது.

ஆகவே தம்பி கேட்ட குறை நிஜம். நான் முதல் நாள் சொன்ன காரணம்தான் பாதி பொய்.

11 பிப்ரவரி

இந்த அவசரத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஜாஸ் ரசிகர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ விரிவுரை கேட்பது போலக் கேட்பார்கள். 'ரிதம் கிளப்' என்றாலே தட்டு வாசித்துக் காட்டி, யார் எந்த வருடம் வாசித்தது என்று பேசுவது. அதை உடைத்தவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். கிரேம் பெல் என்ற பியானோக்காரர் 1948 வாக்கில் தன் குழுவோடு லண்டனுக்கு வந்து, இது ஆடுவதற்கான இசை என்று சொல்லி லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் மேசைகளை ஒதுக்கித் தளத்தைத் திறந்துவிட்டார். லிட்டில்டன் அதைப் பார்த்துத் தெளிந்தார். அவர் குழு சீக்கிரமே ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட் 100-ஆம் எண் நிலவறையில் ஆட்டக்காரர்களுக்கு வாசிக்கிற குழுவாகிவிட்டது.

ஆடுகிறவர்கள் எதிரே இருந்தால் வேகம் அவர்கள் காலில் இருந்து வரும். அவர்கள் களைத்தால் குழு இளகும், அவர்கள் துள்ளினால் குழு ஏறும். அந்தக் குழுவைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் நிறுத்தி, எதிரே ஒரு மைக்கை மட்டும் வைத்து, மூன்று நிமிடத்தில் முடி என்றால்? ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். நடுவில் ஒருவர் தவறினால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட வழியில்லை, மொத்தத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். யாராக இருந்தாலும் கரை சேர ஓடத்தான் செய்வார்கள்.

நேற்று அந்த நிலவறைக்குப் போய் வந்தேன். 100 கிளப் இன்னும் நடக்கிறது. படியிறங்கினால் கூரை தாழ்வு, தூண்கள், சிவப்புச் சுவர். நேற்று ஏதோ ராக் குழு, என் பிள்ளைகள் வயது. மேடைக்குப் பக்கவாட்டில் நின்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

19 பிப்ரவரி

பெஷே பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் வரப் பார்த்தேன்.

13 நவம்பர் 1949, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அமெரிக்க சாக்ஸபோன் மேதை சிட்னி பெஷே பாரிஸில் இருந்து லண்டன் வந்திருக்கிறார். வாசிக்க அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. பகலில் மெலோடிஸ்க் கம்பெனிக்காக லிட்டில்டன் குழுவோடு ஆறு பக்கங்கள் பதிவாகின. மாலை டிரூரி லேன் விண்டர் கார்டன் தியேட்டரில் லிட்டில்டன் கச்சேரி. பெஷே பார்வையாளராக வந்து உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு. பிறகு "அழைத்து" மேடையேற்றினார்கள். நடத்தியவர்கள் மீது வழக்கு வந்து அபராதம் கட்டினார்கள்.

நம் விவாதத்துக்கு அந்த ஆறு பக்கங்கள் ஒரு சோதனைச்சாலை மாதிரி. பார்லஃபோனுக்கு முதல் பதிவு செய்ததும் அதே மாதக் கடைசியில்தான். மூன்று வாரம் கூட இடைவெளி இல்லை. வாசித்தவர்களும் ஏறக்குறைய அவர்களேதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பெஷே இருக்கும்போது பின்வரிசை ஓடவில்லை. ஓட முடியாது, அந்த சோப்ரானோ சாக்ஸபோனின் அகலமான நடுக்கம் எல்லாரையும் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. 'ஜார்ஜியா'வில் அவர் ஒரு சொற்றொடரை எடுத்து நீட்டும்போது பின்னால் உள்ளவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தெரியாதவர்கள் என்றல்லவா நாம் நினைத்தோம்!

ஆனால் இங்கே லிட்டில்டனைக் கவனியுங்கள். ஒதுங்கிவிடுகிறார். மரியாதையாக, அழகாக, தேவைக்கு அதிகமாகவே ஒதுங்குகிறார். பெரியவர் வீட்டுக்கு வந்தால் நாம் நாற்காலி நுனியில் உட்காருவோமே, அப்படி. பெஷே போன பிறகு பதிவான பார்லஃபோன் பக்கங்களில் பின்வரிசை மறுபடி ஓடுகிறது, இவர் மறுபடி முழு நாற்காலியில் உட்காருகிறார். எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், தடுமாற்றம் இருந்தாலும் இரண்டாவதுதான்.

20 பிப்ரவரி

ஒரு திருத்தம். "வாசித்தவர்களும் ஏறக்குறைய அவர்களேதான்" என்றதை வைத்து ஒருவர் "பிறகு ஏன் மூத்த விமர்சகர்கள் 1951-ஐப் பிளவு என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார். ஏனென்றால் அந்த வருடம் குழு உடைந்தது. டிராம்போன் வாசித்த கீத் கிறிஸ்டியும் அவர் அண்ணன் இயனும் வெளியே போய் 'கிறிஸ்டி பிரதர்ஸ் ஸ்டாம்பர்ஸ்' தொடங்கினார்கள். கீத் பின்னால் டாங்க்வொர்த், டெட் ஹீத் ஆகியோரின் பெரிய குழுக்களில் வாசிக்கும் அளவுக்குப் போனவர். அப்படிப்பட்ட ஒருவர் அந்தப் "பள்ளிக்கூட பாண்டில்" இருந்தார் என்பதையும் கணக்கில் வையுங்கள். இயன் பிற்பாடு பத்திரிகையில் சினிமா விமர்சகர் ஆனார்.

10 மார்ச்

வாலி ஃபாக்ஸ் போய்விட்டார். 98 வயது. அஞ்சலிக் குறிப்பைக் காலையில் ரயிலில் படித்தேன்.

கனடாவில் வான்கூவரில் பிறந்து சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து லண்டனே தரைக்கடியில் கிடந்தது. குகைவாசிகள் ஆகிவிட்டோம் என்று தன் குழுவுக்கு 'ட்ராக்லடைட்ஸ்' என்று பெயர் வைத்தார். அதன் முதல் துண்டு 'ட்ராக்' அவர் கையெழுத்தாகி, கார்ட்டூன் உலகில் கிளாரினெட்டை விடப் பெரிய பெயர் வாங்கியது. 'டெய்லி மெயில்' பத்திரிகையில் ஃப்ளூக் என்ற சித்திரத் தொடரை 1949-இல் தொடங்கி முப்பத்தைந்து வருடம் வரைந்தார். போர் முடிந்து கேம்பர்வெல் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த லிட்டில்டனுக்கு அங்கேதான் ஃபாக்ஸ் பழக்கம். லிட்டில்டன் சில காலம் ஃப்ளூக்குக்கு வசனமும் எழுதினார். லிட்டில்டனை வெப்பின் குழுவோடு கட்டிப்போட்டதில் ஃபாக்ஸுக்குப் பங்கு உண்டு. வெப் குழு கலைந்து 1948 ஜனவரியில் லிட்டில்டன் தன் குழுவைத் தொடங்கியபோது கூடவே வந்தார். 1956 வரை பிரியவில்லை.

வீட்டுக்கு வந்து 'ட்ராக்ஸ் ப்ளூஸ்' போட்டேன். மெதுவான ப்ளூஸ், பெயரே அவருடையது. இதில் ஓட்டம் இல்லை, அவசரம் இல்லை. கிளாரினெட்டின் அடிஸ்தாயியில் மரத்தின் வாசனை போல ஒன்று வருகிறது. பின்வரிசை அடங்கி நடக்கிறது. நான் முன்பு எழுதிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பக்கம் தனியாக நின்று பதில் சொல்கிறது: மெதுவாக வாசித்தபோது இவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை போட மனம் வரவில்லை.

12 மார்ச்

"மெதுவாக வாசித்தபோது குறை இல்லை" என்பதை இன்னும் மூன்று மெதுவான பக்கங்கள் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டில் நிற்கிறது. ஒன்றில் பேஞ்சோ சதா இடித்துக்கொண்டே இருக்கிறது. அன்று துக்கத்தில் எழுதியது, கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

26 மார்ச்

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். "இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த இசை எப்படி?" என்று கேட்டவருக்கு.

அப்பா ஈட்டன் பள்ளியில் ஆசிரியர், விடுதித் தலைவர். பிள்ளை பிறந்ததே அந்த வளாகத்தில். 1936-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனும் ஹாரோவும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, இவர் நழுவி சேரிங் கிராஸ் ரோட்டுக்குப் போய் முதல் ட்ரம்பெட்டை வாங்கினார். படிப்பு முடிந்து வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். அங்கே பார்த்தது அவர் அரசியலையே இடப்பக்கம் திருப்பியது. போரில் கிரனேடியர் கார்ட்ஸ் அதிகாரி. 1943-இல் இத்தாலியில் சலேர்னோ கரையிறங்கியபோது ட்ரம்பெட்டும் கூடவே இறங்கியது. 8 மே 1945, வெற்றி நாள், பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் கூட்டத்துக்கு நடுவே வாசித்தார். அன்றைய பிபிசி ஒலிப்பதிவில் அந்த ட்ரம்பெட் விழுந்திருக்கிறது.

அதைக் கேட்டீர்களா? கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேலே பித்தளை. பின்வரிசை என்று எதுவுமே இல்லை. ஆயினும் தாளம் இருக்கிறது. அவருடைய ஆரம்பப் பதிவு எது என்று என்னைக் கேட்டால் பார்லஃபோனையோ, அதற்கு முன் 'லண்டன் ஜாஸ்' முத்திரையில் வந்த சில தட்டுகளையோ சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

15 ஏப்ரல்

இனி தம்பியின் 'பேட் பென்னி ப்ளூஸ்'. ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் அது எனக்கும் பிடிக்கும்.

1956 ஏப்ரலில் பதிவு. ட்ரம்பெட், ஜானி பார்க்கரின் பியானோ, ஜிம் ப்ரே பாஸ், ஸ்டான் க்ரெய்க் டிரம்ஸ். நாலே பேர். கிளாரினெட் இல்லை, டிராம்போன் இல்லை, பேஞ்சோ இல்லை. விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை ஏறியது.  பன்னிரண்டு வருடம் கழித்து பீட்டில்ஸின் 'லேடி மடோன்னா'வில் அதே பியானோ நடை திரும்ப வந்ததை எல்லாரும் சொல்வார்கள்.

தயாரிப்பு டெனிஸ் பிரெஸ்டன், ஒலிப்பதிவு ஜோ மீக். மீக் செய்த காரியத்தைப் பாருங்கள்: டிரம்ஸில் பிரஷ் உரசுவதை முன்னுக்குத் தள்ளினார், பியானோவின் இடது கையைச் சற்றே சிதைந்து ஒலிக்கும் அளவுக்கு ஏற்றினார். லிட்டில்டன் அப்போது விடுமுறையில் போய்விட்டார். ஊரில் இருந்திருந்தால் அந்த ஒலிக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

புரிகிறதா? என் ப்ரீஆம்ப் வெப்பின் இடது கையை வீங்கவைத்தது, நான் "கனம்" என்று குறை சொன்னேன். மீக்கின் ஒலிக்கலவை மேசை பார்க்கரின் இடது கையை வீங்கவைத்தது, ஊரே வாங்கியது. முன்னதில் டிரம்ஸ் மறைந்தது, பின்னதில் டிரம்ஸ் முன்னால் வந்தது. வாசிப்பில் முன்னேற்றம் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. பார்க்கர் வெப்பை விடப் பல மடங்கு லாகவமானவர். ஆனால் "இதுதான் ஆரம்பம்" என்று நம் காது தீர்ப்புச் சொல்லும்போது அதில் கருவிகளுக்கு எவ்வளவு பங்கு என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்கவில்லை.

16 ஏப்ரல்

இடையில் நாம் தாண்டிப்போன ஒன்று: 1952. கயானாவில் இருந்து வந்த கிளாரினெட்காரர் ஃப்ரெடி கிராண்டோடு சேர்ந்து 'பாசியோ ஜாஸ் பாண்ட்' என்று கரீபியன் கலைஞர்களை வைத்துப் பார்லஃபோனில் பதிவு செய்தார். அதில் பின்வரிசையைக் கேளுங்கள். ஓடாது, இழுக்காது, ஊஞ்சல் மாதிரி போய் வரும். லிட்டில்டன் தன் குழுவில் எது இல்லையோ அதைத் தேடிக்கொண்டு போனார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அடுத்த வருடம் ஆல்ட்டோ சாக்ஸபோனோடு புரூஸ் டர்னரைச் சேர்த்தபோது பர்மிங்ஹாம் டவுன் ஹாலில் பழமைவிரும்பிகள் அவருக்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள், "அழுக்கு பாப்பர், வீட்டுக்குப் போ" என்று. பாப்பர் என்றால் 'பாப்' என்ற நவீன ஜாஸ் பாணிக்காரர். அவர் டர்னரை விடவில்லை.

17 ஏப்ரல்

பாசியோ தட்டு என் பெட்டியில் இல்லை. சிடியில்தான் கேட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

7 மே

தம்பி தனிமடலில் கேட்டிருந்தார், நேரில் வந்து கேட்கலாமா என்று. நேற்று வந்தார். தேநீர் கூட ஆறிப்போனது. மூன்று மணி நேரம், பதினான்கு பக்கங்கள்.

முதலில் எதுவும் சொல்லாமல் பழைய ஊசி, பழைய ப்ரீஆம்ப். பிறகு அதே பக்கம், புதிய ஊசி, சரியான அளவு. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேஞ்சோ தெளிந்தபோது புருவம் உயர்ந்தது. பாட்டு முடிந்ததும், "அண்ணா, ஆனா கடைசில ஓடத்தான் செய்யறாங்க" என்றார். ஆமாம் என்றேன்.

பெஷேயின் 'ஜார்ஜியா', 'ட்ராக்ஸ் ப்ளூஸ்', கடைசியில் சிடியில் 'பேட் பென்னி'. அதற்குப் பிறகு தானாகவே எழுந்து, நாங்கள் முதலில் கேட்ட 1950 தட்டை மறுபடி எடுத்துக் கொடுத்தார். இந்த முறை ட்ரம்பெட்டை விட்டுவிட்டு சவார்டை மட்டும் பின்தொடரப் போகிறேன் என்றார்.

9 மே

அவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன், "பாதியை விடலாம் என்றேன், கால்வாசி என்று மாற்றிக்கொள்கிறேன்" என்று. அந்தக் கால்வாசி எவை என்று பட்டியல் கொடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். இரவல் ப்ரீஆம்பை ஜூன் வரைக்கும் வைத்திருக்கலாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.